'கமென்ஸ்' என்றொரு சொல்

சில ஆண்டுகளுக்கு முன், பென்னாகரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து உழவர் ஒருவர் நம் இல்லம் தேடி வந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதம் அவர் கையில் இருந்தது. "ஐயா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

ஆங்கிலக் கடிதம். வகுப்புகளின் 'கமென்ஸ்மென்ட்'டுக்கு முன் கட்டணத்தைச் செலுத்திவிட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. நாமோ அதனை 'அனௌன்ஸ்மென்ட்' என்பதற்கு உறவான சொல்லென்று எண்ணி, "அறிவிப்பு வரும், அதன்பின் கட்டினால் போதும்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். படித்தவர் வாக்கு என்று அவரும் நம்பினார். மாங்காய் விற்ற பணம் கைக்கு வந்து, அவர் கல்லூரிக்குச் சென்றபோது வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. இடம் போய்விட்டது. அப்பெண் ஓராண்டு வீட்டிலிருந்தாள். அவர் நம்மை ஒரு சொல்லும் கடிந்துரைக்கவில்லை. அதுவே நம்மை வாட்டியது.

பிறகுதான் அகராதியைப் புரட்டினோம். 'கமென்ஸ்' என்றால் தொடங்குதல், அவ்வளவே. இலத்தீனில் வேர் கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்திற்கு வந்த சொல். 'பிகின்', 'ஸ்டார்ட்' என்பன வீட்டிலும் வீதியிலும் புழங்குபவை. இதுவோ நீதிமன்றத்திலும் அலுவலகத்திலும் தேர்வுக் கூடத்திலும் மிடுக்காக உலவுவது. மோட்டார் வண்டியை 'ஸ்டார்ட்' செய்யலாம். 'கமென்ஸ்' செய்ய இயலாது. உண்ணத் தொடங்கினேன் என்பதற்கு இச்சொல்லை இட்டால் கேட்பவர் நகைப்பர்.

சட்டத்தில்தான் இதற்குப் பெருமதிப்பு. நம் அரசியலமைப்பை 1949 நவம்பர் 26 அன்று ஏற்றுக்கொண்டோம். ஆயினும் அதன் 394ஆம் உறுப்பின்படி, குடியுரிமை முதலிய சில பகுதிகளே அன்று நடைமுறைக்கு வந்தன. ஏனையவை 1950 ஜனவரி 26 அன்று வந்தன. அந்த இரண்டாம் நாளையே அரசியலமைப்பின் 'கமென்ஸ்மென்ட்' என்று அவ்வுறுப்பு குறிக்கிறது. குழந்தைகளின் கட்டாயக் கல்விச் சட்டமும் அப்படியே: இயற்றியது 2009இல், நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. உரிமையும் கடமையும் தவணையும் அந்த நாளிலிருந்தே கணக்கிடப்படுகின்றன. அந்த ஏழை உழவரின் கடிதத்திலும் அச்சொல் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறது.

மறு ஆண்டு வேறொரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்தது. அந்தக் கடிதத்தையும் அவர் நம்மிடமே கொண்டுவந்தார்! அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம். பணம் கட்ட வேண்டிய கடைசி நாளைத் தமிழில் ஒரு தாளில் பெரிதாக எழுதி, அவர் சட்டைப்பையில் நாமே வைத்து அனுப்பினோம்.