இடப்பக்கம்

ஜூன் 11
மூளையின் வலப்பாதியில் ரத்தக்குழாய் அடைபட்டால் உடலின் இடப்பக்கம் தளர்கிறது. அசைவுக்கான நரம்பிழைகளில் பெரும்பகுதி முகுளத்தின் அடியில் பக்கம் மாறிச் செல்வதே காரணம். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் பக்கவாதம் வந்தவருக்கு அந்த நேரம் எப்போது தொடங்கியது என்று சொல்ல யாரும் இருப்பதில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியரான இவ்வீட்டுப் பெரியவருக்கு அப்படித்தான் ஆனது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். பேச்சு குழறினாலும் புரிகிறது. இடக்கை வரவில்லை.

ஜூன் 12
தளர்ந்த கையின் எடையே தோள்மூட்டை மெல்லக் கீழே இழுத்துவிடும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது. எவ்வளவு பாசத்தோடு இழுத்தாலும் தோளுக்கு அது காயம்தான். உட்காரும்போது கைக்கு அடியில் தலையணை வேண்டும்.

ஜூன் 20
தட்டின் இடப்பாதியில் இருந்த கத்தரிக்காய்க் கூட்டு அப்படியே கிடந்தது. பிடிக்கவில்லை போலும் என்று மருமகள் நினைத்தார். தட்டைத் திருப்பி வைத்ததும் பெரியவர் அதையும் சாப்பிட்டு முடித்தார். கண்ணில் குறை இல்லை. கவனம்தான் இடப்பக்கம் போவதில்லை. வலமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இது அதிகம். சவரம் செய்தால் இடக்கன்னம் விட்டுப்போகும், நடந்தால் இடத்தோள் கதவில் இடிக்கும். தனக்கு ஒன்றும் குறையில்லை என்றே அவர் நம்புவார், அது பிடிவாதம் இல்லை. தலையைத் திருப்பித் தேடச் சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

ஜூன் 21
புறா ரத்தம் தடவச் சொல்லி ஒரு உறவினர் வந்தார். தடவவில்லை.

ஜூலை 9
தளர்ந்திருந்த விரல்கள் இப்போது உள்ளங்கைக்குள் இறுக மடங்குகின்றன. வீட்டில் எல்லோரும் பலம் வந்துவிட்டதென்று மகிழ்ந்தார்கள். மூளையின் கட்டுப்பாடு தளர்ந்ததால் தசை தானாக இறுகும் நிலை இது. நீவி விரித்துவிடாமல் போனால் மூட்டு அப்படியே நின்றுவிடும்.

ஜூலை 28
பார்க்க வந்த பழைய மாணவர், "சாருக்கு வலது கை நல்லாத்தானே இருக்கு? உட்கார்ந்து எழுதலாமே" என்றார். நல்ல மனிதர், நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பெரியவர் எழுதிக் காட்டினார். கரும்பலகையில் முத்து முத்தாக எழுதிய கை அது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ஒரே எழுத்து இரண்டு முறை விழுந்தது. கூடத்தில் யாரும் பேசவில்லை.

நார்வே நாட்டு நரம்பு உடற்கூறியல் பேராசிரியர் ஆல்ஃப் புரோடால், மூளையின் நரம்புப் பாதைகளை ஆராய்ந்தே பேர்பெற்றவர். 1972இல் அவருக்கே வாதம் வந்து இடப்பக்கம் தளர்ந்தது. தன்னைத் தானே கவனித்து அவர் எழுதிய கட்டுரை மறு ஆண்டு 'பிரெய்ன்' ஆய்விதழில் வந்தது. வாதம் தொடாத வலக்கையின் கையெழுத்தும் மாறிப்போனதை அவர் அதில் பதிவு செய்திருக்கிறார். நல்ல பக்கம், கெட்ட பக்கம் என்று மூளை கோடு கிழித்துக்கொள்வதில்லை. தளர்ந்த தசையை அசைக்க மனம் எவ்வளவு உழைக்கிறது, அந்த உழைப்பு எப்படி அசத்திப்போடுகிறது, கவனம் எப்படிக் குவியாமல் போகிறது என்பதையும் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் மட்டுமே.

ஜூலை 29
பகல் முழுக்கத் தூக்கம்.

ஆகஸ்ட் 14
பேரன் சீருடையோடு வந்து நின்றதும் பெரியவர் தேம்பி அழுதார். துக்கச் செய்தி கேட்டு அன்றைக்கே சிரித்தும்விட்டார், அதற்காகக் கூசிப்போனார். உணர்ச்சி வெளிப்படுவதை அடக்கும் பாதை அறுபட்டால் இப்படி ஆகும். பேச்சை வேறு பக்கம் திருப்பினால் பெரும்பாலும் அடங்கும். மனச்சோர்வு வேறு, வாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அது வருகிறது. எதிலும் விருப்பமில்லாமல் வாரக்கணக்கில் கிடந்தால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும், மருந்து உண்டு. ஆண்கள் இதைச் சொல்வதில்லை.

ஆகஸ்ட் 30
காலையில் பிசியோ பயிற்சி. குளியல் மாலைக்கு மாறியது.

செப்டம்பர் 17
2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன. படியிறங்க முடியாதவருக்கு இதன் அருமை தெரியும். ஒரு முறை வந்த வாதம் மறுபடி வரக்கூடும். அழுத்தம் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தாங்களாக நிறுத்துவதுதான் பெரிய ஆபத்து.

அக்டோபர் 6
மாற்றுத்திறனாளி முகாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். கையை மடக்கச் சொன்னார்கள், நடக்கச் சொன்னார்கள். களைப்பு அந்த 21இல் இல்லை. அதை அளக்க ஒரு கட்டமும் படிவத்தில் இல்லாதது அநியாயம்.

அக்டோபர் 19
கார்த்திகையில் பெரியவரின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மேளம், மைக் செட், நாலு பக்கமும் பேச்சு. எல்லாம் ஒரே சமயத்தில் காதில் விழுந்தால் எதையும் பிரித்தறிய முடியாது. முகூர்த்தத்துக்கு மட்டும் போய்வரலாம், மண்டபத்தில் படுக்க ஒரு அறை கேட்கலாம், இடப்பக்கம் மகன் உட்காரலாம். போக வேண்டும் என்கிறார் பெரியவர். வேண்டாம் என்கிறார் மனைவி. இன்னும் முடிவாகவில்லை.