தப்பாவே பேசு, ஜெனிஃபா!

ஃபர்ஸ்ட் இயர்ல உங்க முதல் செமினார் ஞாபகம் இருக்கா? எனக்கு நல்லாவே இருக்கு. பேப்பரைப் பார்த்து நாலு வரி இங்கிலீஷ் படிச்சேன். அஞ்சாவது வரியில் ஒரு வார்த்தையைத் தப்பா உச்சரிச்சுட்டேன். கடைசி பெஞ்சில் இருந்து 'களுக்'னு ஒரு சிரிப்பு. அவ்வளவுதான்... அடுத்த மூணு வருஷம் கிளாஸில் நான் வாயே திறக்கலை. டவுட் வந்தாக்கூட, பக்கத்தில் இருக்கிறவன் கேட்பானானு காத்துக்கிட்டிருந்த ரகம் நான்!

அந்தப் பழைய காயத்தைக் கிளறிவிட்டது ஒரு நைஜீரிய டி.வி. சீரியல். பேர் 'ஜெனிஃபாஸ் டைரி'. ஒரு ராத்திரி சும்மா பார்க்க ஆரம்பிச்சேன். கிராமத்தில் இருந்து லாகோஸ் நகரத்துக்கு வந்து சலூனில் தலை பின்னிவிடுற பொண்ணுதான் ஹீரோயின். வாயைத் திறந்தா இங்கிலீஷ் தலைகீழா வந்து விழும். நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன். மூணாவது எபிசோடில் சட்டுனு சிரிப்பு நின்னுடுச்சு. இப்போ கடைசி பெஞ்சில் உட்கார்ந்து சிரிக்கிறது நான்தானே!

யார் இந்தப் பொண்ணுனு தேடினேன். ஃபுங்கே அகிண்டேலே. சீரியலை உருவாக்கினது, எழுதினது, நடிச்சது எல்லாமே அவர்தான். இகோரோடு ஊரில் 1977-ல் பிறந்தவர். அப்பா பள்ளி முதல்வர், அம்மா டாக்டர். ஃபுங்கே மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளமோ முடிச்சு, லாகோஸ் பல்கலைக்கழகத்தில் சட்டமும் படிச்சவர். இங்கிலீஷ் அவருக்குப் பிரச்னையே இல்லை பாஸ்!

1998-ல் தொடங்கின 'ஐ நீட் டு நோ' சீரியலில்தான் முதலில் கவனிக்கப்பட்டார். ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் ஆதரவோட வந்த தொடர் அது. வீட்டில் கேட்கக் கூச்சப்படுற விஷயங்களை, எய்ட்ஸ் உட்பட, டீன் ஏஜ் பசங்களுக்குப் புரியவெச்சது. அதில் இவருக்கு, நிறையக் கேள்வி கேட்கிற பிசிங்கிற புத்திசாலி ஸ்கூல் பொண்ணு ரோல். 2002-ல் தொடர் முடிஞ்சது. டி.வி-யில் பார்த்த முகம் அப்படியே பெரிய ஸ்டார் ஆகிடலை. யோருபா மொழிப் படங்களில் வருஷக்கணக்கா நடிச்சார்.

2008-ல் வந்தது 'ஜெனிஃபா' படம். சுலியாத்ங்கிற கிராமத்துப் பொண்ணு பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வர்றா. கேம்பஸில் ஸ்டைலா திரியிற பெரிய இடத்துப் பொண்ணுங்க கேங்கில் எப்படியாவது சேரணும். அதுக்கு முதல் வேலையா பேரை மாத்துறா. ஜெனிஃபர்ங்கிற பேர் அவ வாயில் ஜெனிஃபா ஆகிடுது. அடுத்து டிரெஸ் மாறுது, பழக்கம் மாறுது, பாதையும் மாறுது. கடைசியில் வாழ்க்கையே சறுக்கிடுது. இந்த ரோலுக்காக 2009-ல் ஆப்பிரிக்க திரைப்பட அகாடமியின் சிறந்த நடிகை விருது ஃபுங்கேவுக்குக் கிடைச்சது.

நாடே சிரிச்சதுக்குக் காரணம் இருக்கு. 1960 வரைக்கும் பிரிட்டிஷ்காரங்க ஆண்ட நாடு நைஜீரியா. ஐந்நூறுக்கு மேல் மொழிகள். ஆனா ஆட்சி மொழி இங்கிலீஷ். நல்ல இங்கிலீஷ் பேசினா ஒரு மரியாதை, தப்பா பேசினா வேற மரியாதை. எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்குல்ல?

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். டாக்டர் வீட்டுப் பொண்ணு கிராமத்துப் பொண்ணா நடிச்சு சிரிக்கவைக்கிறது கேலி இல்லையா? படத்தை மட்டும் பார்த்தா 'ஆமா'னுகூட சொல்லலாம். ஆசைப்பட்டதுக்கு அவளுக்குக் கிடைச்சது தண்டனை. ஆனா ஃபுங்கே அதோட விடலை. 2015-ல் அதே ஜெனிஃபாவை 'டைரி'க்காகத் திரும்ப எழுதினார். இந்தத் தடவை அவளுக்குக் கையில் ஒரு தொழில் இருக்கு, திட்டிக்கிட்டே கூட இருக்கிற தோழிகள் இருக்காங்க. முக்கியமா, அவ பேசறதை நிறுத்துறதே இல்லை. தப்பா பேசுவா, திருத்தினா கேட்டுப்பா, அடுத்த நிமிஷம் இன்னொரு தப்போட தைரியமா வருவா. சிரிச்சவங்க அப்படியே நிற்பாங்க, அவ வேலையை முடிச்சுட்டுப் போயிட்டே இருப்பா!

ஃபுங்கேவுக்கும் சறுக்கல்கள் உண்டு. 2020 ஏப்ரலில் ஊரடங்கு நேரத்தில் கணவருக்குப் பிறந்தநாள் பார்ட்டி வெச்சு மாட்டினார். கோர்ட் அபராதமும் 14 நாள் சமூக சேவையும் விதிச்சது. 2023-ல் லாகோஸ் துணை ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அதே வருஷம் அம்மாவும் இறந்துபோனாங்க. அந்த டிசம்பரில்தான், அஞ்சு மகன்களைத் தனியா வளர்க்கிற ஒரு தாயோட கதையா 'எ ட்ரைப் கால்டு ஜூடா' படத்தைக் கொண்டுவந்தார். 100 கோடி நைரா வசூலைத் தொட்ட முதல் நைஜீரியப் படம் அது! அந்தச் சாதனையை முறியடிச்சது யார் தெரியுமா? 2024 டிசம்பரில் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் ஜெனிஃபா'. அதே பொண்ணுதான்!

தன் முதல் கதையில் விழவெச்ச பொண்ணை, பதினாறு வருஷம் விடாம எழுதி நிமிர்த்தியிருக்கார் ஃபுங்கே. எனக்கு உறைச்சது அதுதான். செமினாரில் சிரிச்சவன் அன்னிக்கே மறந்திருப்பான். அந்த ஒரு சீனையே என் முழுக்கதையா மூணு வருஷம் வெச்சிருந்தது நான். அடுத்த சீனை எழுத வேண்டியவனும் நான்தான்.

உங்க கிளாஸிலும் ஒரு ஜெனிஃபா இருப்பா. ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம். கடைசி பெஞ்ச்காரரா இருந்தா, அடுத்த தடவை அந்த 'களுக்'கைக் கொஞ்சம் அடக்கிக்கோங்க.

போன மாசம் ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு கேள்வி கேட்டேன். டென்ஸ் தப்பு. யாரோ சிரிச்சாங்க. ஆனா, எனக்குப் பதில் கிடைச்சுடுச்சு பாஸ்!