வாப்பாவின் குரலும் மலிவு சீடியும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பழைய கலியாண சீடி, பயான் சீடி வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

வாப்பா மௌத்தாவதற்கு முந்திய நோன்பில் அவரைப் பேச வைத்து ஒரு 90 நிமிடக் கசட்டில் பதிந்தோம். சின்ன வயசுக் கதைகள், வயல், கடை எல்லாம் சொல்லி, முடிவில் பேரப்பிள்ளைகளின் பேர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி துஆ கேட்டார். மொத்தம் 78 நிமிடம். 2007இல் நாடா சிக்கத் தொடங்கியதால் அதைச் சீடியில் ஏற்றி உம்மாவுக்கும் நாங்கள் நாலு பேருக்கும் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒன்று மச்சான் சவூதியிலிருந்து கொண்டு வந்த நல்ல சீடி. மற்ற நாலும் நான் புறக்கோட்டை நடைபாதையில் பாதி விலைக்கு வாங்கிய, 50 சீடி உள்ள கட்டிலிருந்து.

அந்தக் கட்டை நான் பார்க்காமல் வாங்கவில்லை. ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தேன், ஓட்டை தெரியவில்லை. பெட்டியில் தெரிந்த கம்பனியின் பேர். வீட்டில் எழுதி முடித்துப் போட்டேன், பாடியது. நல்ல சாமான் என்று முடிவு கட்டி, சிக்கிய கசட்டைக் குப்பையில் போட்டேன். கணினியில் இருந்த கொப்பி அடுத்த வருஷம் வைரஸோடு போனது.

போன மாதம் ராத்தாவின் மகனுடைய கலியாணத்துக்கு அந்தத் துஆவைப் போடுவோம் என்று எடுத்தால், 70 நிமிடம் தாண்டியதும் டிக் டிக் என்று நின்றுவிட்டது. நானாவுடையதும் அப்படித்தான். என்னுடையது அதற்கும் முன்னமே.

சீடி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத்தான் எழுதப்படும். சீடியை நிரப்பினால் கடைசிப் பகுதி விளிம்பில் விழும். மலிவுச் சீடியில் எழுத்தைத் தாங்கும் சாயம் விளிம்புப் பக்கம் சீராகப் படிந்திருக்காது. பாட்டுச் சீடியென்றால் போவது ஒரு பாட்டு. எங்களுக்குப் போனது துஆ.

சவூதிச் சீடி தம்பியிடம். அது நல்ல சீடிதான், கெடுத்தது நாங்கள். மேலே ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பிள்ளைகள் உரிக்க, வெள்ளி மினுக்கமும் கூடவே வந்துவிட்டது. நாம் கீழ்ப்பக்கத்தைத்தான் பொத்திப் பொத்தி வைக்கிறோம். ஆனால் சீடியில் பதிவு இருப்பது மேல்பக்க வார்னிஷுக்கு நேர் கீழே. குமிழ்முனைப் பேனையால் அழுத்திப் பேர் எழுதினாலே காயம். டிவிடியில் பதிவு இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் அந்தளவு பயமில்லை.

கொம்யூனிகேஷன் கடைத் தம்பி ஒரு மென்பொருளைப் போட்டுக் காட்டினார். சீடியின் உள்வட்டத்தில் தயாரித்தவரின் குறியீடு இருக்கிறது. "சேர், பெட்டியில இருக்கிறது விக்கிறவன்ட பேர், செஞ்சவன்ட பேர் இல்ல." குறியீட்டையும் போலியாகப் போடுகிறார்களாம். பிறகு அந்தக் கட்டில் மிஞ்சிய வெற்றுச் சீடி இரண்டை விளிம்பு வரை நிரப்பி, ஒன்றை அலுமாரியிலும் ஒன்றை வெயில்படும் ஜன்னலிலும் மூன்று கிழமை வைத்தேன். அலுமாரிச் சீடி கடைசி வரை பாடியது. ஜன்னல் சீடியின் கடைசிப் பாட்டுகள் இல்லை. இந்தப் பரீட்சையை 2007இலேயே செய்திருக்கலாம். அன்று எழுதின கையோடு முதல் பாட்டை மட்டும் கேட்டுத் திருப்திப்பட்டேன்.

உம்மா தன்னுடையதை பிஸ்கட் டின்னில், இருட்டில் வைத்திருந்தார். அதுதான் அதிக தூரம் ஓடியது. துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்து, கடைத் தம்பியின் பழைய டிரைவில் வேகத்தைக் குறைத்துப் படிக்க வைத்தோம். வேறு டிரைவ்கள் துப்பியதை அது படித்தது. உங்களிடமும் வாசிக்காத சீடி இருந்தால் வீசுவதற்கு முன் இரண்டு மூன்று டிரைவில் போட்டுப் பாருங்கள். வாசிப்பதை இந்தக் கிழமையே இரண்டு இடத்தில் கொப்பி எடுங்கள்.

ஒன்பது பேர்களில் எட்டு கிடைத்தன. வயது வரிசையில் சொன்னதால் போனது என் கடைசி மகளின் பேர். அப்போது அவள் கைப்பிள்ளை.

"சொன்னார் மகள், எனக்கு நல்லா ஞாபகம்" என்றேன்.

"நான் கேக்கணுமே வாப்பா" என்றாள்.