ஸ்டிக்கரும் தராசும்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் என் பட்டறைக்கு வருகிற டார்ச் செல்களில் நிறையவற்றின் மேல் 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் ஹவர்) என்று அச்சடித்திருக்கும். நான் வாயே திறப்பதில்லை. மேசை ஓரத்தில் நகைக்கடைத் தராசு ஒன்று கிடக்கிறது, அதில் தூக்கி வைத்துவிடுவேன். செல்லின் அளவு 18650; அப்படியென்றால் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அந்தக் குழாய்க்குள் பேர்பெற்ற கம்பெனிக்காரன் சுருட்டி அடைப்பதே 3500 சொச்சம்தான். அதுவே 45 கிராமுக்கு மேல் நிற்கும். 9900 செல் முப்பது சொச்சத்தில் நின்றுவிடும். கொண்டுவந்தவர் செல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். முத்தைப் பித்தளைச் சல்லடையில் சலித்து, மஞ்சாடிக் கணக்கில் நிறுத்து விலை பேசிய ஊர் இது. கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. நிறுத்துப் பார்க்கிற பழக்கமும் அதோடு போய்விட்டது போல.

பொய் ஸ்டிக்கரைத் தராசு பிடித்துக் கொடுத்துவிடும். எனக்கு அடி விழுந்தது உண்மையான ஸ்டிக்கரால்தான்.

திரேஸ்புரத்து வல்லக்காரர் ஒருவர் வந்தார். முப்பது கிலோ ஆசிட் பேட்டரியை ஏற்றி இறக்கி இடுப்பு போய்விட்டது என்றார். "தம்பி, லித்தியத்துல ஒரு 100 போட்டுத் தா." நான் அட்டைத் துண்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். 20 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டு, ஜி.பி.எஸ்., ஆழம் பார்க்கிற எக்கோ, வயர்லெஸ். எல்லாம் சேர்ந்து சராசரியாக 5 ஆம்பியர் இழுக்கும். ராத்திரி பத்து மணி நேரம் என்றால் 50 ஏ.எச். "அண்ணாச்சி, 60 போதும். காசை ஏன் கடல்ல போடுதீக?" என்றேன்.

நம்ப மாட்டேன் என்றார். விளக்கிச் சொன்னேன். ஆசிட் பேட்டரியில் 100 என்று போட்டிருப்பது 5 ஆம்பியராக 20 மணி நேரம் இழுத்தால் கிடைக்கிற கணக்கு. அதையும் தினம் முழுசாக வழித்தெடுத்தால் தகடு சீக்கிரம் செத்துப்போகும்; பாதியோடு நிறுத்த வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 85 சதவீதம்வரை தயங்காமல் எடுக்கலாம். அப்படிப் பார்த்தால் இதில் 60-ம் அதில் 100-ம் ஒரே வேலைதான். 3.2 வோல்ட் செல் நாலை வரிசையில் கோத்தால் 12.8 வோல்ட், அறுபதால் பெருக்கினால் 768 வாட் ஹவர். மொத்தமே எட்டு கிலோவுக்குள். ஸ்கூட்டரில் போடுகிற என்.எம்.சி. வகை லித்தியம் இன்னும் இலேசாக இருக்கும், ஆனால் சூடேறிக் கெட்டால் பாஸ்பேட்டைவிடச் சீக்கிரம் தீப்பிடிக்கும். வல்லத்தில் தீப்பிடித்தால் இறங்கி ஓட இடம் கிடையாது.

கணக்கில் பிசகில்லை. ஆனால் இஞ்சினின் செல்ஃப் ஸ்டார்ட்டையும் அதே பேட்டரியில்தான் மாட்டியிருந்தார். அதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

செல்களைக் காக்க நான் வைத்த பி.எம்.எஸ். சர்க்யூட் 60 ஆம்பியர் தாங்கும். செல்ஃப் மோட்டாரோ திருகின கணத்தில் நூறுக்கு மேலே இழுக்கும். நடுக்கடலில் விடியற்காலை மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பியிருக்கிறார். பி.எம்.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்து லைனைத் துண்டித்துவிட்டது. விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ் எல்லாம் ஒன்றாக அணைந்தன. கைப்பிடி போட்டுச் சுற்றி இஞ்சினைக் கிளப்பிக் கரை சேர்ந்தார்கள். மறுநாள் பெட்டியை என் மேசைமேல் வைத்தார். சத்தம்கூடப் போடவில்லை. "எல்லாத்தையும் கணக்குப் போட்டியே தம்பி, இஞ்சின ஏன் உட்டே?"

ஏ.எச். என்பது எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது. எவ்வளவு வேகமாகக் கொடுக்கும் என்பது சி. 60 ஏ.எச். செல்லில் 1சி என்றால் 60 ஆம்பியர், 3சி என்றால் 180. ஒரே குழாய்க்குள் இரண்டையும் ஏற்ற முடியாது. தகட்டில் பூச்சைத் தடிப்பாக்கினால் கொள்ளளவு கூடும், ஆனால் கரண்ட் வெளிவரத் திணறிச் சூடாகும். டிரில்லிங் மெஷின் செல்லில் 2500 போட்டு 20 ஆம்பியர் கொடுப்பதும், லேப்டாப் செல்லில் 3500 போட்டு அதில் பாதிக்கு மேல் கொடுக்க முடியாததும் அதனால்தான். வாங்க வருகிறவர்கள் பெரிய நம்பரைத்தான் பார்க்கிறார்கள். சி எழுதியிருக்கிற வரி பொடி எழுத்தில் இருக்கும்.

2000 சைக்கிள் என்று போட்டிருப்பதையும் அப்படியே நம்புவதில்லை. அது 25 டிகிரியில் சோதித்தது. சித்திரை வெயிலில் வல்லத்துப் பெட்டிக்குள் கை வைத்துப் பார்த்தவனுக்கு மீதி புரியும். வோல்ட் மீட்டரும் பாஸ்பேட்டில் உதவாது: பாதி தீர்ந்த பிறகும் 13 வோல்ட்டைச் சுற்றியே நிற்கும், கடைசியில் மடமடவென்று இறங்கும்.

செல்களைக் கோக்கிற நிக்கல் பட்டையிலும் கலப்படம் உண்டு. இரும்பில் நிக்கல் முலாம் பூசி விற்கிறார்கள். காந்தம் வைத்துப் பயனில்லை, நிக்கலும் ஒட்டும். நான் ஒரு துண்டை ஆணியால் கீறி, டம்ளர் தண்ணீரில் கைப்பிடி உப்பைக் கரைத்து ராத்திரி முழுக்கப் போட்டுவைப்பேன். காலையில் கீறலில் செம்மண் நிறம் தெரிந்தால் அந்தச் சுருள் முழுவதும் திரும்பிப் போகும். உப்புக்கு இந்த ஊரில் என்ன பஞ்சம்?

இப்போது பட்டறைக்கு யார் வந்தாலும் அட்டைத் துண்டில் முதல் வரியாக நான் எழுதுவது மோட்டார் உண்டா என்பதுதான். அந்த வல்லத்தில் இரண்டு பேட்டரி ஆகிவிட்டது: விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் என் பெட்டி, செல்ஃபுக்குச் சின்னதாக ஓர் ஆசிட் பேட்டரி. மாதம் ஒரு தடவை வருகிறார். லித்தியத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொண்டு போகிறார்.