சிங்கவாலைப் பார்க்கப் போறீங்களா?

செமஸ்டர் லீவு வந்தாலே எல்லா கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்லயும் ஒரே பஞ்சாயத்துதான். ஊட்டியா, கொடைக்கானலா, இல்ல "மச்சி, கோவா!" கோவா பிளான் என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். போன டிசம்பர்ல நான் வேற ஒண்ணு சொன்னேன்: ஆனைமலைக் காட்டுக்குப் போய் சிங்கவால் குரங்கைப் பார்க்கலாம். உடனே ஒருத்தன் கேட்டான், "குரங்கு பார்க்க எதுக்குடா காசு? மெஸ்ஸுக்குப் பின்னாடி தினமும் பார்க்கிறோமே!"

நியாயமான கேள்வி. அதுக்குப் பதிலும் சொல்றேன், நீங்க போகணும்னா எப்படித் திட்டம் போடணும்னும் சொல்றேன்.

மெஸ்ஸுக்குப் பின்னாடி வந்து தயிர்சாதப் பொட்டலத்தைத் தூக்கிட்டு ஓடுறது நாட்டுக்குரங்கு. கோயில், ரயில்வே ஸ்டேஷன், ஹாஸ்டல் மொட்டைமாடின்னு எங்க விட்டாலும் அது பிழைச்சுக்கும். சிங்கவால் அப்படி இல்லை. உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும்தான் அது இருக்கு. கர்நாடகா, கேரளா, தமிழ்நாடு மூணையும் சேர்த்தே சுமார் 4000தான் இருக்கும்னு மதிப்பிடுறாங்க. கறுத்த உடம்பு, முகத்தைச் சுத்தி வெள்ளி நிறப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருக்கிற மாதிரி ஒரு குஞ்சம். சோலைமந்தின்னும் ஒரு பேர் உண்டு. சாப்பாடு, தூக்கம், சண்டை எல்லாம் பெரும்பாலும் மரத்து மேலேயே. வெடிப்பலா மாதிரியான மழைக்காட்டு மரங்களோட பூ, பழம், விதை, இடையில பூச்சி. அதனால காட்டை வெட்டித் துண்டாக்கினா, அதுக்கு ரோடு போச்சு, மெஸ்ஸும் போச்சு.

1970களில் கேரளாவில் சைலன்ட் வேலியில் குந்திப்புழா ஆத்துக்குக் குறுக்கே நீர்மின் அணை கட்டத் திட்டம் இருந்தது. அதை எதிர்த்து எழுந்த மக்கள் இயக்கத்தோட அடையாளமா நின்னது இந்தக் குரங்குதான். திட்டம் கைவிடப்பட்டு, 1984இல் அந்த இடம் தேசியப் பூங்கா ஆச்சு. சிவில் நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க.

சரி, திட்டத்துக்கு வருவோம்.

முதல் விஷயம் அனுமதி. 2018 மார்ச்ல தேனி மாவட்டம் குரங்கணியில காட்டுத்தீயில சிக்கி 23 பேர் இறந்தது ஞாபகம் இருக்கும். மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தது அதுக்கப்புறம்தான். "எனக்கு வழி தெரியும், வாங்க தம்பி"ன்னு யாராவது கூப்பிட்டா போகாதீங்க. 2024 அக்டோபர்ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 வழிகள், ஆன்லைன்லயே புக்கிங், பயிற்சி பெற்ற வழிகாட்டி கூடவே வருவார். எது எளிது, எது கடினம்னு பிரிச்சே போட்டிருக்காங்க. டாப்ஸ்லிப்பும் அதில் உண்டு. எந்த வழி திறந்திருக்குன்னு புக் பண்றதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க.

இரண்டாவது, மாசம். டிசம்பர், ஜனவரி நல்லது. பிப்ரவரி நடுவுக்கு அப்புறம் காட்டுத்தீ அபாயத்தால பெரும்பாலும் மூடிடுவாங்க. ஜூன்ல போனா நீங்க குரங்கைப் பார்க்கிறதுக்கு முன்னாடி அட்டை உங்களைப் பார்த்துடும்.

மூணாவது, ஆள் எண்ணிக்கை. எங்க கிளாஸ்ல 22 பேர் கை தூக்கினாங்க. எட்டுப் பேராக் குறைக்கிறதுக்குள்ள எனக்கு ரெண்டு நட்பு முறியப் பார்த்தது. ஆனா 22 பேர் காட்டுக்குள்ள நடந்தா அதுக்குப் பேர் ஊர்வலம்.

பையில என்ன வைக்கணும்? பச்சை, பழுப்புன்னு மங்கலான கலர்ல முழுக்கை சட்டை. காலுக்கு அட்டை உறை. ரெண்டு பேருக்கு ஒண்ணாவது 8x42 பைனாகுலர், இல்லைன்னா யார்கிட்டயாவது கடன் வாங்குங்க. முப்பது மீட்டர் உயரத்துல இருக்கிற கறுப்புக் குரங்கு உங்க மொபைல்ல வெறும் கறுப்புப் புள்ளிதான். ப்ளூடூத் ஸ்பீக்கர், சென்ட், வாழைப்பழ சீப்பு மூணையும் ரூம்லயே வச்சிட்டு வாங்க. சாப்பாடு மூடின டப்பாவில் பைக்குள்ளயே இருக்கட்டும். பழத்தோல்கூடக் காட்டுல விழக்கூடாது.

டாப்ஸ்லிப்ல எங்களோட வந்த வழிகாட்டி அண்ணன் அந்தக் காட்டுலயே பிறந்து வளர்ந்தவர். மலசர், காடர் மாதிரியான பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ற மலை அது. பிரிட்டிஷ் காலத்துல மேல வெட்டின தேக்கு மரங்களைச் சரிவுல வழுக்கி விட்டதால வந்த பேர்தான் டாப்ஸ்லிப்னு அவர்தான் சொன்னார். காட்டுக்குள்ள நுழையுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு விதி போட்டார். "குரங்கு நம்மளப் பார்த்தா தப்பில்ல தம்பி. நம்மளப் பார்த்துக் கீழ எறங்குச்சுன்னாதான் தப்பு."

முதல் ஒரு மணி நேரம் எதுவும் இல்லை. அப்புறம் தூரத்துல "ஹூ... ஹூ..."ன்னு ஒரு முழக்கம். நீலகிரிக் கருமந்தி. கறுப்பு உடம்பு, பழுப்புப் பொன்னிறத் தலை, நீள வால். இலைதான் அதுக்கு முக்கியச் சாப்பாடு. லேகியத்துக்காக ஒரு காலத்துல இதை வேட்டையாடித் தள்ளினாங்க. அந்த லேகியத்துல மருந்துன்னு எதுவும் கிடையாது, போனது உயிர் மட்டும்தான். இன்னைக்குச் சட்டப்படி வேட்டைக்குத் தடை.

சிங்கவால் கிடைச்சது திரும்பி வரும்போது. அண்ணன் கையைத் தூக்கி எங்களை நிறுத்தினார். காத்தே இல்லை, ஆனா மேல ஒரு கிளை மட்டும் ஆடுது. கடிச்சுப் போட்ட பழத்தோடு எங்க முன்னாடி 'டொப்'புன்னு விழுந்தது. பைனாகுலரை வச்சா, வெள்ளிப் பிடரிக்கு நடுவுல ஒரு கறுத்த முகம். எங்களை ஒரு தடவை பார்த்தது, மறுபடியும் தின்ன ஆரம்பிச்சது. பின்னாடி ஒரு தாய், வயித்தைக் கட்டிக்கிட்டு ஒரு குட்டி. மொத்தம் நாலைஞ்சு நிமிஷம். ஒருத்தர் பின்னாடி ஒருத்தராக் கிளை தாவிப் போயிடுச்சுங்க. எங்க எட்டுப் பேர்ல யார்கிட்டயும் உருப்படியா ஒரு போட்டோ இல்லை.

இதுல ஏமாற்றம் அடைஞ்சவங்க ரெண்டு பேர். "வால்பாறை போனா ரோட்டுலயே பக்கத்துல பார்க்கலாம்"னு சொன்னாங்க. அது உண்மைதான். மறுநாள் ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனோம். வால்பாறைக்குப் பக்கத்துல புதுத்தோட்டம்னு ஒரு இடம். தோட்டங்களுக்கு நடுவுல தீவு மாதிரி மாட்டிக்கிட்ட ஒரு சின்னக் காடு. காடு துண்டானதால அங்க இருக்கிற சிங்கவால்கள் தரையில நடக்கப் பழகிடுச்சு. ரோட்டோரம் அஞ்சாறு உட்கார்ந்திருந்தது. போட்டோ அருமையா வந்தது.

எங்களுக்கு முன்னாடி நின்ன காரிலிருந்து ஒரு கை பிஸ்கட்டை நீட்டியது. குட்டியைச் சுமந்த ஒரு தாய் எதிர்ப்பக்கத்துலேருந்து நேரா ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வந்துச்சு. வளைவுல பஸ் ஒண்ணு. டிரைவர் பிரேக் அடிச்சார், தப்பிச்சது. காவலுக்கு நின்னவர் ஓடி வந்து கார்க்காரரைத் திட்டினார். "எல்லா டிரைவரும் இப்படிப் பிரேக் போட மாட்டாங்க சார்"னு அவர் சொன்னப்போ, பக்கத்துல பார்க்கணும்னு ஆசைப்பட்ட அந்த ரெண்டு பேரும் ஒண்ணும் பேசலை.

முந்தின நாள் பார்த்த குரங்குக்கும் இதுக்கும் இனம் ஒண்ணுதான். அதுக்கு நாம யாரோ. இதுக்கு நாம பிஸ்கட். பிஸ்கட்டைத் தேடி ஓடி வர்ற குரங்குதான் டயருக்கு அடியில போகுது. காட்டுல அது நம்மளைக் கண்டுக்காம இருக்கிறதுதான் அதோட பாதுகாப்பு. காசு கட்டி, வழிகாட்டியோட, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கணும்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

அங்கேயே இன்னொண்ணையும் பார்த்துட்டு வாங்க. ரோட்டுக்கு மேல, இந்தப் பக்க மரத்துக்கும் அந்தப் பக்க மரத்துக்கும் பழைய தீயணைப்புக் குழாய்களை இழுத்துக் கட்டிப் பாலம் போட்டிருக்காங்க. குரங்குகள் அது மேல ஏறி ரோட்டைக் கடக்குதுங்க. சென்சார் கிடையாது, ஆப் கிடையாது. எவ்வளவு தொய்வு இருக்கணும், எந்த மரம் தாங்கும், குரங்கு எந்த இடத்துல கடக்க விரும்புதுன்னு கவனிச்சுப் போட்ட டிசைன். மலைப்பாதைகளை அகலப்படுத்த மரம் வெட்டுற ஒவ்வொரு இடத்துலயும் இந்தக் கேள்வி திரும்ப வரும். அந்த டிராயிங்ல கையெழுத்துப் போடப்போறது நாளைக்கு நம்மள்ல ஒருத்தராக்கூட இருக்கலாம். அதனால சிவில், மெக்கானிக்கல் ஆட்கள் அவசியம் போங்க.

ஜனவரிக்குள்ள தேதி பாருங்க. எட்டுப் பேருக்கு மேல வேண்டாம். பழம் மட்டும் கொண்டு போகாதீங்க.