நம்பர் ஒன்று, நிறம் வேறு

மிச்சிகன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு, எங்கள் சில்வர் டொயோட்டாவின் முன் ஃபெண்டரையும் அதை ஒட்டிய கதவின் ஓரத்தையும் அரித்துவிட்டது. செப்டம்பரில் மகள் அந்தக் காரில்தான் கல்லூரிக்குப் போக வேண்டும். பாடி ஷாப்பில் கேட்ட தொகையோ, காரை விற்றால் கிடைப்பதில் பாதி. சரி, நாமே பண்ணிடலாம்னு இறங்கினேன்.

துருவைத் தேய்த்து, பட்டி பூசி சமன் செய்வதற்குப் பொறுமை இருந்தால் போதும். நிறம்தான் சிக்கல். டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் உள்ள ஸ்டிக்கரில் கலர் நம்பர் இருக்கும். எங்களுடையது 1எஃப்7. அதைச் சொன்னால் ஸ்ப்ரே கேனில் அடைத்துத் தந்துவிடுவார்கள். ஆனால் சில்வர் பெயிண்ட்டில் நுண்ணிய அலுமினியத் துகள்கள் இருக்கின்றன. கிட்ட நின்று ஈரமாக அடித்தால் நிறம் கறுக்கும். தள்ளி நின்று அடித்தால் வெளுக்கும். ஒரே கேனிலிருந்து ரெண்டு நிறம் வரும்!

அதனால் முதலில் மூன்று தகர அட்டைகளில் இரண்டு, மூன்று, நான்கு கோட்டிங் அடித்து, மேலே கிளியர் பூசிக் காயவிட்டேன். பழைய பெயிண்ட்டைப் பாலிஷ் போட்டுவிட்டு, பகல் வெளிச்சத்தில் அட்டைகளைக் காரோடு வைத்து, நேராகவும் பக்கவாட்டிலும் பார்த்தேன். கராஜ் பல்பை நம்பக்கூடாது. மூன்று கோட்டிங் பொருந்தியது.

கேன்களை ஒன்றாகவே வாங்கி, ஒவ்வொன்றையும் ரெண்டு நிமிஷமாவது நன்றாகக் குலுக்க வேண்டும். பிரைமர் எங்கும் ஒரே சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். கேனுக்கும் பேனலுக்கும் இடையே ஒரு சாண் தூரம். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். ஃபெண்டரைக் கழற்றவில்லை, தரையில் படுக்கவைத்து அடித்தால் துகள்கள் வேறு மாதிரி படியும்.

ஃபெண்டருக்கும் கதவுக்கும் நடுவே கோடு தெரியாமல் இருக்க ஒரு வழி உண்டு. சில்வரை ஃபெண்டரோடு நிறுத்தாமல், கதவின் மேல் போகப்போக மெலிதாக்கிப் பழைய நிறத்தில் கரைத்துவிட வேண்டும். கிளியரைக் கதவு முழுக்க அடிக்க வேண்டும்.

அந்தக் கிளியரில்தான் ரொம்ப யோசித்தேன். ஹார்டனர் கலந்த டூ-கே கிளியர் பளபளப்பாக இருக்கும், நீண்டநாள் உழைக்கும். ஆனால் அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவையே உண்டாக்கக்கூடியது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவரும் மாஸ்க் போட்டுத்தான் தொழில்முறையில் அடிப்பார்கள். என் மனைவிக்கு ஏற்கெனவே ஆஸ்துமா; கராஜ் வீட்டோடு ஒட்டியது. அதனால் ஹார்டனர் இல்லாத ஒன்-கே கிளியர் போதும்னு முடிவு செய்தேன். அதையும் காற்றில்லாத நாளில், வீட்டு ஜன்னல்களை மூடிவிட்டு, கெமிக்கல் ஆவியைத் தடுக்கும் மாஸ்க்கோடு, வெளியே டிரைவ்வேயில்தான் அடித்தேன்.

இது அத்தனை காலம் தாங்காது. சில வருஷத்தில் மறுபடி அடிக்க வேண்டிவரும். பொருந்திய அட்டையின் பின்னால் கலர் நம்பரையும் ‘மூன்று கோட்டிங், ஒரு சாண்’ என்பதையும் எழுதி கராஜில் மாட்டியிருக்கிறேன்.