கைத்தடிக்கு வழி, ஸ்டிக்குக்குத் தடை

ஹாரோ, லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் பேசும்போது, "என் கைத்தடிய ஏரோப்ளேனுக்குள்ள விடுவானாடா?" என்று கேட்டீர்கள். லைன் விட்டுவிட்டுக் கேட்டதால் அன்றைக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. உங்கள் கைத்தடியை விடுவார்கள். என்னுடைய ட்ரெக்கிங் ஸ்டிக்கைத்தான் விடமாட்டார்கள். சித்தி இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். உங்களுடையது வைரம் பாய்ந்த மரம். ஓங்கி ஒன்று போட்டால் மண்டை பிளந்துவிடும். என்னுடையது வெறும் அலுமினியக் குழாய். ஆனாலும் விதி அப்படித்தான் இருக்கிறது.

விமானத்துக்குள் கையோடு எதைக் கொண்டுபோகலாம், எது சரக்கறைக்குப் போகும் பையில்தான் போக வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் விளையாட்டுச் சாமான்கள் என்ற பகுதியைப் படித்தால் பொழுது போவதே தெரியாது. கிரிக்கெட் மட்டை கூடாது. கோல்ஃப் மட்டை, எறியும் டார்ட், கவண், இவையும் கூடாது. சரி, நியாயம்தான். டென்னிஸ் மட்டை போகலாம். தூண்டில் கழி போகலாம். ஸ்னூக்கர் ஆடுகிற அந்த நீளமான மரக்கோல் இருக்கிறதே, அதுவும் போகலாம். நெடுந்தூரம் நடக்கிறவனின் ஸ்டிக் மட்டும் கூடாது. அமெரிக்காவிலும் கூர்முனை உள்ள ஸ்டிக்குக்கு இதே கதிதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தடைப்பட்டியலில் கோடரி இருக்கிறது, பனிக்கோடரி இருக்கிறது, 6 செ.மீ.க்கு மேல் அலகு உள்ள கத்தி இருக்கிறது. ட்ரெக்கிங் ஸ்டிக்கின் பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அனுமதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சோதனை மேஜையில் அன்று நிற்கிறவர் பார்த்து எது சரி என்கிறாரோ அதுதான் சட்டம்.

ஊன்றி நடக்கிறவரின் கைத்தடிக்குப் பொதுவாகத் தடை இல்லை. ஸ்கேனருக்குள் தனியாகப் போட்டு எடுத்து, அந்தப் பக்கம் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆக, அவர்கள் அளப்பது தடியின் கனத்தை அல்ல, அதைப் பிடித்திருப்பவரின் முழங்காலை. நடக்கச் சிரமப்படுகிறவர் கையில் இருந்தால் அது கால். நன்றாக நடக்கிறவன் கையில் இருந்தால் ஆயுதம். இதைக் கேட்டுவிட்டு இங்கே சிலர், "லேசாக நொண்டிக்கொண்டு போ, விட்டுவிடுவார்கள்" என்று யோசனை சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நிஜமாகவே ஊன்றி நடக்கிறவர் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும் வரிசை அது. இப்படிப் பத்துப் பேர் நொண்டினால் பதினோராவதாக வருகிற கிழவரைச் சந்தேகப்படுவார்கள். உங்கள் விஷயம் வேறு. மாடிப்படி இறங்கும்போது உங்கள் இடது கால் என்ன பாடு படுத்துகிறது என்று சித்தி சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் யாரிடமும் நடிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று, விதி முழுக்க மடத்தனம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்குள்ள ஒரு விமான நிலையத்தில் எனக்கு முன்னால் நின்ற ஜெர்மன்காரப் பெண்மணியின் ஸ்டிக்குகளைத் தடுத்தார்கள். "நுனியில் ரப்பர்தானே இருக்கிறது!" என்று அந்த அம்மாள் அழுத்தந்திருத்தமாக வாதாடினார். காவலர் ஒன்றும் பேசவில்லை. ரப்பர் மூடியை இரண்டு விரலால் திருகி இழுத்தார். பொக்கென்று கையோடு வந்துவிட்டது. உள்ளே டங்ஸ்டன் கார்பைடு முனை, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், பாறையில் வழுக்காமல் பிடிப்பதற்கென்றே பல் வைத்துச் செய்தது. அதை மேஜை மேல் நிறுத்திக் காட்டினார். அந்த அம்மாள் அப்புறம் வாய் திறக்கவில்லை. ஸ்டிக்குகள் மேஜைக்குப் பின்னால் இருந்த உயரமான தொட்டிக்குள் போயின. ஏற்கெனவே அதில் ஒரு கத்தை நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஸ்டிக் எதற்கு, பழனிக்குப் போகும்போது வெறுங்காலோடுதானே போகிறோம் என்று கேட்பீர்கள். மதுரையிலிருந்து பழனி வரை தார்ச்சாலை, சித்தப்பா. லாரிக்குப் பயந்தால் போதும். நாம் போகப்போவது ஸ்பெயினிலுள்ள சந்தியாகோவுக்கு, மலைப்பாதை. முதல் நாளே, பிரான்ஸ் பக்கம் சான் ழான் பியே த போர் என்ற சிற்றூரில் கடல்மட்டத்திலிருந்து 170 மீட்டர் உயரத்தில் கிளம்பி, பிரனே மலையில் 1,400 மீட்டருக்கு மேல் ஏறி, ஸ்பெயின் பக்கம் ரொன்செஸ்வாயெஸ் மடத்தில் இறங்க வேண்டும். 25 கிலோமீட்டர். நவம்பர் முதல் மார்ச் முடிய அந்த மேல்பாதையை மூடியே வைத்துவிடுகிறார்கள்; நாம் செப்டம்பரில் போவதால் கவலையில்லை. ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். இறக்கம் முழங்காலை வாங்கிவிடும். பம்ப்லோனாவைத் தாண்டி பெர்தோன் குன்று என்று ஒன்று. உச்சியில் தகட்டில் வெட்டிய யாத்திரிகர் உருவங்கள் வரிசையாகக் காற்றை எதிர்த்து நிற்கும். எல்லோரும் அங்கே போட்டோ எடுத்துக்கொண்டு கெத்தாக மறுபக்கம் இறங்குவார்கள். கைக்கு அடங்காத உருண்டைக் கற்கள், ஒவ்வொன்றும் மிதித்தால் உருளும். ஐந்தாவது நிமிடம் பேச்சு நின்றுவிடும். ஸ்டிக் ஊன்றும் சத்தம் மட்டும் கேட்கும். அதற்கப்புறம் இரும்புச் சிலுவை என்ற இடத்திலிருந்து மொலினசேக்கா வரை இறங்குவது இன்னும் மோசம். 1,500 மீட்டரிலிருந்து 600க்கு.

1999-இல் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 25 பாகைச் சரிவில் ஆட்களை இரண்டு ஸ்டிக்கோடும் ஸ்டிக் இல்லாமலும் இறங்கவிட்டு அளந்தார்கள். ஸ்டிக் இருந்தால் முழங்கால் மூட்டின் மேல் விழும் விசை 12 முதல் 25 சதவீதம் வரை குறைகிறது என்று வந்தது. ஆகவே கைத்தடி ஒன்று போதாது. உங்கள் தடி விமானத்துக்கும் ஊருக்குள் நடக்கவும் இருக்கட்டும்; மலைக்கு உங்களுக்கும் ஒரு ஜோடி வேண்டும்.

அங்கேயே வாங்கிக்கொண்டால் என்ன? வாங்கலாம். சான் ழானில் கோட்டைத் தெருவில் இறங்கினாலே யாத்திரிகர் கடை. அலுமினிய ஸ்டிக்கும் இருக்கும், சிப்பி கட்டிய மரக்கோலும் இருக்கும். தனியாகப் போகிறவனுக்கு இதுதான் கணக்குக்குச் சரியான வழி. மலிவு விலை விமானங்களில் டிக்கெட்டை விடப் பைக்குக் கூலி அதிகமாகிற நாள் உண்டு. போக ஒரு தடவை, வர ஒரு தடவை பைக்குக் கட்டினால் அந்தக் காசில் புது ஜோடியே வாங்கிவிடலாம். ஆனால் அப்படி வாங்கியவர்கள் திரும்பும்போது என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். சந்தியாகோவில் விடுதிக்கு விடுதி மூலையில் சாத்திவிட்டுப் போயிருப்பார்கள். 780 கிலோமீட்டர் கூட வந்ததை அப்படிப் போட்டுவிட்டு வர எனக்கு மனசு வராது. தபாலில் அனுப்பவும் வழி உண்டு. ஸ்பெயின் தபால்துறை யாத்திரிகர்களுக்கென்றே பார்சல் சேவை நடத்துகிறது. பிரிட்டனுக்குள் வரும்போது சுங்கத்துக்குப் படிவம் நிரப்ப வேண்டும். நமக்கெதற்கு அந்த வேலை?

நாம் இரண்டு பேர், ஒரே பையைச் சரக்கறைக்குப் போடுவோம். இரண்டு ஜோடி ஸ்டிக், என் பேனாக்கத்தி, 100 மி.லி.க்கு மேற்பட்ட சன்ஸ்க்ரீன், உங்கள் தைலப் பாட்டில், எல்லாம் அதற்குள். மடக்கு ஸ்டிக் 40 செ.மீ. அளவுக்குள் வந்துவிடும். ஒன்றுக்குள் ஒன்று தள்ளிச் சுருக்குகிற வகை பெரும்பாலும் 60 செ.மீ. அளவுக்கு நீண்டிருக்கும், பெரிய பையில்தான் கிடக்கும். முனையில் ரப்பர் மூடி போட்டு, நுனியில் உள்ள சின்ன வட்டத் தகடுகளைக் கழற்றித் தனியே கட்டி, நான்கையும் துண்டில் சுருட்டிப் பையின் நடுவில் வைத்துச் சுற்றிலும் துணியை அடைத்துவிடுவேன். வெளிவாரில் செருகி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். கன்வேயர் பெல்ட்டில் வார் மாட்டினால் ஸ்டிக் வளையும், இல்லையென்றால் பை கிழியும். கார்பன் ஸ்டிக் கனம் குறைவு என்று கடைக்காரர்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் அடி பட்டால் கார்பன் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். அலுமினியம் வளைந்தாலும் ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கும். உங்களுக்கு அலுமினியம்தான் எடுத்திருக்கிறேன்.

பிடிக்கும் விதத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பெரும்பாலானவர்கள் தப்பாகப் பிடிப்பது இதைத்தான். வாருக்குள் கையை மேலிருந்து விடக் கூடாது. கீழிருந்து மேலே விட்டு, வாரும் கைப்பிடியும் சேர்த்து உள்ளங்கையில் வர வேண்டும். அப்போது பாரம் மணிக்கட்டில் தொங்கும், விரல் இறுகாது. சமதளத்தில் முழங்கை செங்கோணத்தில் மடங்குகிற உயரம். ஏறும்போது கொஞ்சம் குறைக்க வேண்டும், இறங்கும்போது கூட்ட வேண்டும். ஊருக்குள் வந்தால் ரப்பர் மூடியைப் போட்டுவிடுவோம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கல் பாவிய தெருவில் டக் டக் என்று போகிற யாத்திரிகர்களை அந்த ஊர்க்காரர்கள் மனதுக்குள் திட்டுவது நியாயம்.

விடுதி வாசலிலேயே செருப்பையும் ஸ்டிக்கையும் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரி கறுப்பு ஸ்டிக்குகள் ஒரு கூடையில் நிற்கும், காலையில் இருட்டில் யாருடையதை யார் எடுக்கிறார் என்று தெரியாது. சித்தியிடம் பளிச்சென்று ஏதாவது ரிப்பன் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

நாம் போய்ச் சேருகிற சந்தியாகோ யாருடைய ஊர் தெரியுமா? தங்கச்சிமடத்துக் கோயிலில் ஜூலை மாதம் திருவிழா கொண்டாடுகிறார்களே, அதே சந்தியாகப்பர். அவருடைய பேராலயத்தில் 12-ஆம் நூற்றாண்டுச் சுவடி ஒன்று இருக்கிறது, கோடெக்ஸ் கலிக்ஸ்தினஸ் என்று. அதிலுள்ள ஒரு பிரசங்கம் யாத்திரிகனின் கோலை மூன்றாவது கால் என்கிறது. மூன்று என்பது திரித்துவத்தைக் குறிக்கும் என்று விளக்கம். நாயையும் ஓநாயையும் விரட்டவும் அதே கோல்தான். காலும் ஆயுதமும் ஒன்றேதான் என்று அந்தக் காலத்திலேயே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள், மேஜை போட்டு யாரும் பிரிக்கவில்லை. அந்தச் சுவடியே 2011-இல் திருடுபோய், மறு வருடம் ஆலயத்தில் வேலை பார்த்த முன்னாள் எலக்ட்ரீஷியனின் கார் கொட்டகையில் கிடைத்தது. கோலுக்கு இவ்வளவு காவல், புத்தகத்துக்கு அவ்வளவுதான்.

மதுரையில் செய்ய வேண்டியவை: கைத்தடியின் அடியில் இரும்புப் பூண் இருக்கிறது என்று நினைவு. அதைக் கழற்றிவிட்டு ரப்பர் பூண் போட்டுக்கொண்டு வாருங்கள். கூரான இரும்பு இருந்தால் கைத்தடியும் என் ஸ்டிக் கட்சியில் சேர்ந்துவிடும். நாம் அதிக நாள் இருக்கப்போவது ஸ்பெயினில் என்பதால் ஷெங்கன் விசாவுக்கு ஸ்பெயினிடம் விண்ணப்பிக்க வேண்டும். லண்டனில் இறங்குவதற்குப் பிரிட்டன் விசா தனி. இரண்டையும் சேர்த்து இப்போதே ஆரம்பித்தால்தான் முடியும்.

ஷூவை நான் இங்கே வாங்குகிறேன். தாளில் பாதத்தை வைத்துக் கோடு போட்டு போட்டோ அனுப்புங்கள், பக்கத்தில் ஸ்கேலையும் வைத்து. காலையில் எழுந்ததும் அளக்க வேண்டாம். சாயந்தரம் வைகைக் கரை வரை நடந்துவிட்டு வந்து, கால் சற்று வீங்கியிருக்கும்போது அளக்க வேண்டும். இரண்டு காலும்.

அன்புடன்,
உங்கள் மகன்